ஒரு மண் வழக்கின் கோப்பைத் தேடி

மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரைப் பக்கம், ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் இரவோடு இரவாக மண் ஏற்றிய உழவு இயந்திரங்களும் டிப்பர் ஒன்றும் பொலிஸாரால் பிடிக்கப்பட்டன. நீதவான் நீதிமன்றத்தில் பி அறிக்கையும், அதாவது விசாரணை பற்றிப் பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கையும், தாக்கல் செய்யப்பட்டது. அதன் பிறகு அந்த வழக்கு என்னவாயிற்று என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. டிப்பர் அரசியல் செல்வாக்குள்ள ஒருவரின் நெருங்கிய உறவினருடையது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஊர்ப்பேச்சை வைத்துச் செய்தி எழுத முடியாது. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை ஆவணங்களால் நிறுவுவதற்கு ஒரு பிராந்தியச் செய்தியாளனாக நான் கடந்துவந்த வழியை, இதே வேலையில் இருக்கும் இளையவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக இங்கே பதிவுசெய்கிறேன்.

இந்த ஊரில் ஆவணத்தின் மீது எனக்குள்ள பற்றுக்குக் காரணம் உண்டு. ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த மண்ணில் பிறந்த ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் திகதி கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் சடலமாக மீட்கப்பட்டார். இரண்டு கொலைகளுக்கும் இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005ஆம் ஆண்டு நத்தார் ஆராதனையின்போது புனித மரியாள் தேவாலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த, பிள்ளையான் என்று அறியப்படும் கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன் உள்ளிட்ட ஐவரை, வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரின் தரப்பு அறிவித்ததை அடுத்து, மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் 2021 ஜனவரியில் விடுவித்தது. ஒரு வழக்கைத் தொடுக்கவும் நிறுத்தவும் கைவிடவும் உள்ள அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதை இந்த ஊர் அறியும். அந்த அதிகாரத்தைப் பற்றி எழுதுகிறவர் தனக்குத் தகவல் சொன்னவர்களை அபாயத்தில் தள்ளக்கூடாது. அரச முத்திரை பதித்த கடதாசி கையில் இருந்தால், யார் சொன்னது என்ற கேள்விக்கே இடமில்லை.

நான் நீதிமன்றத்திலிருந்தே தொடங்கினேன். எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் ஊர் விவசாயிகள் சார்பில் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் ஒன்றைக் கோரும் எழுத்துமூல விண்ணப்பம்) தாக்கல் செய்து, வழக்கேட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைக் கோரினார். செலவும் பெரிதில்லை, தாமதமும் பெரிதில்லை. கிடைத்த பிரதியில் மிகவும் பெறுமதியானது பி அறிக்கை என்றுதான் பலரும் நினைப்பார்கள். எனக்கு உதவியது தவணைக்குத் தவணை எழுதப்படும் நாளாந்தக் குறிப்பு. முதல் பக்கத்தில் வாகனங்கள் பிணைமுறியில் பதிவு உரிமையாளர்களிடம் விடுவிக்கப்பட்டதாக இருந்தது. டிப்பரின் பதிவு உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்தது. அடுத்த சில தவணைகளில் “மேலதிக அறிக்கைக்கு” என்று மட்டும் எழுதியிருந்தது. அதன்பின், பொதுச் சொத்துச் சட்டத்தின் கீழ் குற்றம் சுமத்துவது பற்றிச் சட்டமா அதிபரின் ஆலோசனை கேட்கப்பட்டிருப்பதாகப் பொலிஸார் மன்றில் கூறியதாக ஒரு வரி. அந்த நாளிலிருந்து ஒவ்வொரு தவணையிலும் அதே வரிதான்: ஆலோசனை கிடைக்கவில்லை, தவணை. கையெழுத்து மாறியிருந்தது, நீதவானின் சுருக்கொப்பம் மாறியிருந்தது, அந்த வரி மட்டும் மாறவில்லை.

அடுத்த கட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் தகவல் கோரலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு மூன்று வாரங்கள். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடம் போகலாம். இந்தக் காலக்கெடுக்கள் நமக்கும் பொருந்தும் என்பதால், பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் பதில் வந்த கடித உறையையும் ஒரே கோப்பில் வைத்திருப்பது என் வழக்கம். உறையில் உள்ள தபால் முத்திரைத் திகதி மேன்முறையீட்டில் சாட்சியாகிறது.

மண் அகழ்வு அனுமதி சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றுக்கு ஒரு விண்ணப்பமும், விசாரணை செய்த தரப்புக்கு ஒரு விண்ணப்பமும் அனுப்பினேன். முதலாவதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு மறுப்பு வந்தது. சட்டமா அதிபருக்கும் அரச நிறுவனங்களுக்கும் இடையிலான தொடர்பாடல்களும், குற்றவாளிகளைச் சட்டத்தின் முன் நிறுத்துவதற்குக் கடுமையான பாதகம் விளைவிக்கும் தகவல்களும் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் விலக்களிக்கப்பட்டவை என்று அந்தக் கடிதம் சொன்னது. விலக்குகள் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் வெளியிடுவதால் ஏற்படும் தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கி நிற்குமாயின் தகவலை மறுக்கக்கூடாது என்று அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. மறுப்புக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்த இடத்தில்தான் கேள்வியை எப்படிக் கேட்பது என்பது முழு வேலையையும் தீர்மானித்தது. மேன்முறையீட்டை ஒரு பக்கம் நடத்திக்கொண்டு, புதிய விண்ணப்பம் ஒன்றை எழுதினேன். அதில் சட்டமா அதிபர் என்ன ஆலோசனை சொன்னார் என்று கேட்கவில்லை. இந்த வழக்கிலக்கத்துக்குரிய கோப்பு சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு அனுப்பப்பட்ட திகதி எது, எந்த வழியில் அனுப்பப்பட்டது, கிடைத்தமைக்கான ஒப்புகை எந்தத் திகதிக்குரியது, நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பப்பட்டிருந்தால் அவற்றின் திகதிகள் எவை என்று மட்டும் கேட்டேன். திகதி என்பது ஆலோசனையும் அல்ல, விசாரணை இரகசியமும் அல்ல. அதை மறுக்க விரும்புகிறவர் அதற்கென்று தனியாக ஒரு காரணத்தைத் தேட வேண்டும். அரசியல் தலையீட்டை யாரும் எழுத்தில் விட்டுவைப்பதில்லை. அது விட்டுச் செல்லும் தடயம் காலதாமதம்தான். அந்தத் தாமதத்தை அலுவலகங்களின் உள்வரும் கடிதப் பதிவேட்டிலும் வெளிச்செல்லும் கடிதப் பதிவேட்டிலும் தேடலாம்.

இதற்கிடையில் அந்தக் கிராமத்துக்குப் பல தடவைகள் போய்வந்தேன். வயல் வரம்பு ஆற்றோடு சரிந்துபோன ஓர் அம்மா, “மனே, ஆத்து மண்ணைக் கோட்டில தேடுறியா?” என்று கேட்டார். அவருடைய காணி உறுதியில் ஆற்றுப்பக்க எல்லையாகக் குறிக்கப்பட்டிருந்த மருத மரம், வேர்கள் வெளியே தெரிய, தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. என்னைப் பற்றி அயலவர்களிடம் விசாரித்துச் சென்றவர்களும் உண்டு. அதனால் ஆவணங்களின் பிரதிகளை ஆசிரியரிடமும் சட்டத்தரணியிடமும் முன்கூட்டியே ஒப்படைத்தேன். அப்படியொரு ஏற்பாடு இல்லாமல் இத்தகைய வேலையைத் தொடங்க வேண்டாம் என்று எந்தச் சகோதரச் செய்தியாளருக்கும் சொல்வேன்.

மேன்முறையீடு ஆணைக்குழுவுக்குப் போனது. சட்டத்துக்கு இணங்க நடந்தோம் என்று நிரூபிக்கும் சுமை அங்கே அரச நிறுவனத்தின் மீதே உள்ளது என்பது கேட்பவருக்குப் பெரிய பலம். விசாரணைக்குத் திகதி குறிக்கப்பட்டதும், அதுவரை பதில் தராமலிருந்த அலுவலகம் அனுமதிப்பத்திரங்களின் பிரதிகளை அனுப்பிவைத்தது. திகதிகள் பற்றிய பதிலும் மற்றத் தரப்பிலிருந்து வந்துசேர்ந்தது.

வழக்கேட்டின் பிரதி, அனுமதிப்பத்திரங்கள், திகதிகள் பற்றிய பதில் ஆகிய மூன்று ஆவணங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது விடயம் தெளிவானது. கோப்பு கொழும்புக்கு அனுப்பப்பட்ட திகதி, ஆலோசனை கேட்கப்பட்டிருப்பதாக மன்றில் முதன்முதலில் கூறப்பட்ட திகதிக்கு ஓராண்டுக்கும் மேல் பிந்தியது. அனுப்பப்படாத ஒரு கோப்புக்குப் பதில் வரவில்லை என்று சொல்லியே தவணைகள் பெறப்பட்டிருந்தன. அந்த இடைவெளிக்குள்தான், பிடிபட்ட டிப்பரின் பதிவு உரிமையாளருக்கு அதே ஆற்றில் மண் அகழ்வதற்குச் சட்டபூர்வமான அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டிருந்தது. நிலுவையில் வழக்கு இருப்பது விண்ணப்பத்தின் எந்தப் பக்கத்திலும் குறிப்பிடப்படவில்லை.

எழுதுவதற்கு முன்னர் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் கேள்விகளைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உறவினரின் தொழிலுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று அந்த அரசியல்வாதி எழுத்தில் பதிலளித்தார். அதை ஒரு சொல்லும் குறைக்காமல் கட்டுரையில் சேர்த்தோம். வழக்கு இன்னும் விசாரணைக்கு எடுக்கப்படாததால், யார் குற்றவாளி என்று கட்டுரை சொல்லவில்லை. திகதிகளை வரிசையாக வைத்தது, அவ்வளவுதான். வெளியானதன் பின்னர் விவசாயிகளின் சட்டத்தரணி அந்தத் திகதிகளை நகர்த்தல் பத்திரம் மூலம் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். தாமதத்துக்கு விளக்கம் தரும்படி பொலிஸாருக்கு உத்தரவிடப்பட்டது.

ஓர் ஆவணம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அனுமதிப்பத்திரத்துக்கு ஆதரவாக ஒரு சிபாரிசுக் கடிதம் கிடைத்ததாக அலுவலகம் ஒப்புக்கொள்கிறது; ஆனால் அதை எழுதியவரின் பெயர் தனிப்பட்ட தகவல் என்று கூறி மறைத்திருக்கிறது. பொதுச் செயற்பாட்டோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலுக்குத்தான் சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்றும், அரச ஆற்றின் மண்ணுக்கு அனுமதி கேட்டு அரச அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் எந்த வகையிலும் ஒருவரின் அந்தரங்க வாழ்க்கையைச் சேர்ந்ததல்ல என்றும் எழுத்துமூலச் சமர்ப்பணத்தில் வாதிட்டிருக்கிறேன். அந்த மேன்முறையீடு ஆணைக்குழுவின் முன் நிலுவையில் உள்ளது.