பிஎன்சி சாக்கெட்டைப் பெட்டியிலிருந்து பிரித்த கதை

ஒரு மாதமாக மேசையில் கிடக்கிறது, சின்ன சிக்னலை நூறு மடங்கு பெருக்கும் ஒரு ப்ரீ ஆம்ப்ளிஃபையர். இன்புட்டில் 50 ஓம் டெர்மினேட்டர் போட்டு மூடி வைத்தாலும் ஸ்கோப்பில் 6 மில்லிவோல்ட், 50 ஹெர்ட்ஸ்; மின் லைனிலிருந்து வரும் ஹம் என்ற இரைச்சல். ரெகுலேட்டரை மாற்றினேன். ஃபில்டர் கெபாசிட்டரை 2200-லிருந்து 4700 மைக்ரோஃபாரடுக்கு ஏற்றினேன். ஹம் அசையவில்லை. முழு அலை பிரிட்ஜின் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) என்றால் 100 ஹெர்ட்ஸ் அல்லவா வரவேண்டும்? முதல் நாளே இதை யோசித்திருந்தால் கெபாசிட்டர் காசு மிச்சமாகியிருக்கும்.

எரிச்சலில் இன்புட் பிஎன்சியின் (கோஆக்ஸ் கேபிள் மாட்டும் வட்ட சாக்கெட்) நட்டைக் கழற்றி, சாக்கெட்டை எதிலும் படாமல் உள்ளே தொங்கவிட்டேன். ஹம் காணோம். பானலில் தொட்டால் வருகிறது, எடுத்தால் போகிறது.

படம் வரைந்ததும் புரிந்தது. இன்புட், அவுட்புட் இரண்டு சாக்கெட்டின் உடம்பும் அலுமினியப் பானலில் இறுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டின் ஷீல்டும் (உள் கம்பியைச் சுற்றியிருக்கும் உறை வயர்) போர்டின் கிரவுண்டுக்கும் போகின்றன. ஆக பானல், ஷீல்டு, போர்டு, மறுபடி பானல் என்று ஒரு மூடிய வளையம். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர். வளையம் 10-க்கு 20 செ.மீ., அதாவது 0.02 சதுர மீட்டர். அங்கே கசியும் காந்தப்புலம் 10 மைக்ரோடெஸ்லா என்று வைத்தால் தூண்டப்படுவது சுமார் 63 மைக்ரோவோல்ட். அதில் பெரும்பங்கு இன்புட் ஷீல்டு வயரில் விழுந்து நூறால் பெருகினால், அதே 6 மில்லிவோல்ட்.

சாக்கெட்டைப் பானலிலிருந்து பிரிப்பதுதான் வழி. தோள் வைத்த நைலான் வாஷர் இந்த அளவுக்கு சென்னை ரிச்சி தெருவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் கிடைக்கவில்லை. மரைமேல் ஹீட் ஷ்ரிங்க் ஏற்றி, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, இருபுறமும் ஃபைபர் வாஷர் போட்டேன். மல்டிமீட்டர் அமைதி, அதாவது பானலோடு தொடர்பில்லை. கேபிளை மாட்டிப் பக்கவாட்டில் இழுத்ததும் பீப். துளையின் விளிம்பு ஷ்ரிங்க்கை அறுத்திருந்தது. கேபிள் மாட்டாமல் செய்யும் கன்டினியூட்டி சோதனையை இனி நம்புவதாக இல்லை.

பிறகுதான் பரணிலிருந்த பழைய நெட்வொர்க் கார்டு ஞாபகம் வந்தது. 10பேஸ்2 என்ற பழைய கோஆக்ஸ் ஈதர்நெட் காலத்தது. அந்த மெல்லிய கோஆக்ஸ் கேபிளை ஒரே இடத்தில்தான் எர்த் செய்யலாம் என்பதால், கார்டின் பிஎன்சி உடம்பு பிளாஸ்டிக். கம்ப்யூட்டர் பெட்டியோடு ஒட்டாது. பொறுமையாக ஈயத்தை உறிஞ்சிக் கழற்றினேன். இன்புட்டுக்கு அது.

அவுட்புட்டுக்கு சுவிட்ச் போர்டில் போடும், மின்சாரம் கடத்தாத ஹைலம் ஷீட். பானலில் 20 மி.மீ. துளை, பின்னால் ஹைலம் துண்டு, அதில் 9.5 மி.மீ. துளை போட்டு சாக்கெட். 20 மி.மீ. ஏன் என்றால், மாட்டும் பிளக்கின் வளையமும் கிரவுண்டுதான். அது பானலில் உரசினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

பெட்டி மூன்று பின் எர்த்திலேயே இருக்கிறது. எர்த் பின்னைக் கழற்று என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. உயிர் மேல் ஆசை இருப்பவர்கள் கேட்க வேண்டாம். போர்டின் கிரவுண்டுக்கும் பெட்டிக்கும் ஒரே ஓர் இணைப்பு: 10 ஓம், அதற்கு இணையாக 100 நானோஃபாரட், கோளாறில் பெரிய மின்னோட்டம் வந்தால் தாங்க 35 ஆம்பியர் டயோடு பிரிட்ஜ் ஒன்று.

ஹம் போயிற்று. ஆனால் அப்பாவின் பட்டன் போனுக்கு அழைப்பு வந்தால் டர்ர் என்கிறது. உடம்பு பானலைத் தொடாததால் ரேடியோ அலை ஷீல்டு வழியாகவே உள்ளே நுழைகிறது. ஒவ்வொரு சாக்கெட்டின் உடம்பிலிருந்தும் பானலுக்கு 10 நானோஃபாரட் செராமிக் இரண்டு, கால்களை ஒட்ட நறுக்கிப் பற்ற வைத்தேன். 50 ஹெர்ட்ஸுக்கு அது 150 கிலோ ஓமுக்கு மேல், செல்போன் அலைக்குக் கிட்டத்தட்ட நேர்வழி. டர்ர் நின்றது.

இப்போது ஸ்கோப்பில் எஃப்எஃப்டி (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு என்று காட்டும் படம்) போட்டால் 50-ல் ஒன்றுமில்லை. 100 ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு சின்னக் குச்சி. இது நிஜமாகவே ரிப்பிள்; அந்த 4700-ஐக் கழற்றாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.