கிரீஸுக்குள் கிடந்த எம்57

பெட்டியைத் திறந்தால் துப்பாக்கியையே காணோம். எண்ணெய்த் தாளுக்குள் கருப்பட்டிப் பாகு மாதிரி உறைந்துகிடந்த, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் காஸ்மோலின் கிரீஸ்தான் தெரிந்தது. அதற்குள் இருந்தது என் முதல் பிஸ்டல்: யூகோஸ்லாவிய ராணுவத்துக்காக ஸஸ்தாவா ஆலை செய்த எம்57. விலை 230 டாலர்.

டெக்சாஸில் பல வருடம் இருந்தும், கிரீன் கார்டு வரும்வரை இதைப் பற்றி யோசிக்கவில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, எச்1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இணையத்தில் பணம் கட்டினாலும் வீட்டுக்கு வராது. உரிமம் உள்ள உள்ளூர் கடைக்குத்தான் வரும். அங்கே 4473 என்ற படிவத்தில் பிறந்த நாடு, வெளிநாட்டவருக்கு அரசு தரும் ஏ எண் (கிரீன் கார்டில் இருக்கும்) எல்லாம் எழுதிக் கொடுத்தேன். எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனையில், பக்கத்தில் நின்றவருக்கு ஐந்து நிமிடத்தில் ‘புரொசீட்’ வந்தது. எனக்கு ‘டிலேய்ட்’. வயிறு கலங்கிவிட்டது. “மறுக்கவில்லை, இன்னும் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்” என்றார் கடைக்காரர். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

அப்புறம்தான் உண்மையான வேலை. தோட்டாக்களை அடைக்கும் மேகசினை எடுத்து, குழல் காலியா என்று இரண்டு முறை பார்த்தேன். வலப்பக்கத்துச் சின்ன ஸ்பிரிங் கிளிப்பை மேகசினின் அடிமுனையால் பின்னே தள்ளினால், இடப்பக்கத்து முள் கழன்று மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடு முன்பக்கமாக வந்துவிடும். துப்பாக்கிக்குள் ஊசியைத் தட்டும் சுத்தியலும் அதன் ஸ்பிரிங்கும் ஒரே துண்டாக மேலே தூக்க வருகின்றன. எம்57-க்கு மூலமான சோவியத் டோகரேவ் பிஸ்டலின் வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கராஜ் கதவைத் திறந்துவைத்து, கிரீஸைக் கரைக்கும் மினரல் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன்.

மலிவாகக் கிடைத்த பழைய ராணுவத் தோட்டாக்களோடு, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனேன். காந்தத்தை வைத்துப் பார்த்தார்கள், ஒட்டிக்கொண்டது. எஃகு கலந்த குண்டு உள்ளரங்க ரேஞ்சில் கூடாதாம். பித்தளை உறை போட்ட இந்தப் பிஸ்டலுக்கான 7.62×25 அளவில் புதிய தோட்டாவை அங்கேயே வாங்கினேன். விலை கூடுதல்தான், ஆனால் பழையதில் இருக்கும் அரிக்கும் உப்பு இதில் இல்லை.

டிரிகரை அழுத்தினேன். ‘க்ளிக்’. வெடிக்கவில்லை. குழலை இலக்கை விட்டு நகர்த்தாமல் முப்பது விநாடி காத்திருந்து, பிறகுதான் தோட்டாவை வெளியே எடுத்தேன். பின்னால் லேசாக ஒரு புள்ளிதான் விழுந்திருந்தது. தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் கிரீஸ் அப்படியே இருந்திருக்கிறது. அதில் சிக்கி ஊசியின் வேகம் செத்துப்போயிருக்கிறது. பழைய பிஸ்டல் வாங்குபவர்கள் தயவுசெய்து ஊசியையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். நான் வெளியே தெரிந்ததை மட்டும் துடைத்துவிட்டு முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஊசியையும் சுத்தம் செய்த பிறகு, அடுத்த சனிக்கிழமைதான் முதல் குண்டு பாய்ந்தது. சின்னத் தோட்டாதான், ஆனால் சத்தம் நெஞ்சில் இடித்தது. ஒன்பதும் தாளில் விழுந்தன, எல்லாமே நான்கு விரற்கடை இடதுபக்கம். குறி பார்க்க உதவும் பின்பக்க சைட்டை வலப்பக்கம் கொஞ்சம் தட்ட வேண்டும். அதற்குப் பித்தளைக் கோல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.