லென்கோ எல்75-க்கு வேறொரு கை

பெப்ரவரி 10, 2024, சனி

லென்கோ எல்75 என்ற எங்கள் இசைத்தட்டுக் கருவியின் பழைய டோன்ஆர்மை, அதாவது ஊசியைத் தாங்கும் கையை, இன்று முழுவதுமாகப் பிரித்தேன். கை மேலும் கீழும் அசைவதற்கு அதில் வழக்கமான பேரிங் கிடையாது. கத்திமுனை போன்ற இரண்டு விளிம்புகள், நடுவில் பள்ளம் வெட்டிய இரண்டு சின்னக் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அரை நூற்றாண்டு ஆன அந்தக் கட்டைகள் சாமணம் பட்டதுமே கரித்தூளாக உதிர்ந்தன. இந்த மாதிரியில் எல்லாருக்கும் வரும் நோய் இது. சில மாதங்களாக உரத்த இடங்களில் ஒலி நடுங்கியதன் காரணம் இப்போது கண்ணெதிரே துணியில் கிடக்கிறது.

புதிய கட்டைகள் வாங்கிப் போடலாம். ஆனால் கையின் குழாயும் பின் எடையைத் தாங்கும் ரப்பரும் தளர்ந்துவிட்டன. கையை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

தட்டைச் சுழற்றும் பகுதியை மட்டும் யார் சொன்னாலும் மாற்றமாட்டேன். கூம்பு வடிவ மோட்டார் தண்டு, அதன் மேல் செங்குத்தாக நின்று தட்டின் அடியைத் தொட்டு உருளும் ரப்பர் சக்கரம், இசைத்தட்டைத் தாங்கும் ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள அந்தச் சுழல்தட்டு. நெம்புகோலைத் தள்ளினால் சக்கரம் கூம்பின் மேல் நகரும். தடித்த பக்கம் போனால் வேகம் கூடும், ஒடுங்கிய பக்கம் போனால் குறையும். 16, 33, 45, 78 என்ற நான்கு வேகக் குறிகளுக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இடையிலும் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். வயலின் பழகும் மகளுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. இசைத்தட்டின் சுருதியை அவள் கம்பிக்கு ஏற்றபடி மயிரிழை நகர்த்திக் கொடுத்தால் கூடவே வாசிக்கிறாள்.

இன்னொரு காரணமும் உண்டு. லென்கோ பிறந்த புர்க்டோர்ஃப், சுவிட்சர்லாந்தின் பேர்னில் இருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். 1946-இல் பிரிட்ஸ் லெங், மரி லெங் என்ற கணவன் மனைவி அங்கே தொடங்கிய நிறுவனம் அது. எங்கள் வீட்டில் உள்ளவற்றில் இந்த மண்ணிலேயே செய்யப்பட்ட பொருள்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

பெப்ரவரி 14, புதன்

எந்தக் கை? வேலை முடிந்து வந்து இரவு முழுவதும் இதே யோசனை.

எல்லாரும் முதலில் சொல்வது ரேகா ஆர்பி300. 1983-இல் வந்தது, நுனியில் ஊசிப் பகுதியைத் தாங்கும் தலையும் குழாயும் ஒரே வார்ப்பு, இணைப்பே இல்லாததால் அதிர்வுக்கு இடம் குறைவு. அருமையான கை. ஆனால் தலையைக் கழற்ற முடியாது என்பதுதான் எனக்கு இடிக்கிறது. எங்களிடம் 33 வேகத்தில் ஓடும் எல்பி மட்டுமா இருக்கிறது? மாமனார் யாழ்ப்பாணத்தில் இருந்து பத்திரமாகக் கொண்டுவந்த 78 தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் 1960-களிலும் 78 அச்சிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அவைதான். 78-இன் பள்ளம் அகலம். அதற்கு 65 மைக்ரான் அளவு முனை வேண்டும். எல்பிக்கு 18 மைக்ரான் போதும். எல்பி ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கை வாரும், சுவரைத் தொடாது. ஆகவே இரண்டு கார்ட்ரிஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி), இரண்டு தலை, நிமிடத்தில் மாற்றும் வசதி: இவை எனக்குக் கட்டாயம்.

அதனால் தலையைத் திருகிக் கழற்றும் ஜப்பானிய ஜெல்கோ கை. அந்த நிறுவனம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது, பழையதுதான் கிடைக்கும். சூரிச்சில் ஒருவரிடம் எஸ்ஏ-750டி இருக்கிறது. பேசிவிட்டேன்.

கையைத் தேடுகிறவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் தங்கள் தட்டு அலமாரியைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெப்ரவரி 17, சனி

கை வந்துவிட்டது. பேரிங்கில் தளர்ச்சி இல்லை. நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பார்த்தேன். ஒரு சொடுக்குக்கூட இல்லை.

கார்ட்ரிஜ் பற்றி ஒரு கணக்கு. கையின் செயல்நிறையும் (அசையும்போது ஊசி உணரும் நிறை) ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கும். 159-ஐ, மொத்த நிறையையும் நெகிழ்வையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அது எத்தனை ஹெர்ட்ஸ் என்று தெரியும். 8-க்கும் 12-க்கும் இடையில் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கம் கையை ஆட்டும். மேலே போனால் இசையிலேயே கை வைக்கும். தலையோடு சேர்த்து இந்தக் கையை 20 கிராம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது என்னிடம் உள்ள ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிஜ் 7.2 கிராம், நெகிழ்வு 20. திருகாணிகளுக்கு ஒரு கிராம் கூட்டினால் விடை 6.7. கூடாது.

டெனான் டிஎல்-103 கார்ட்ரிஜ் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயுடன் சேர்ந்து 1964-இல் உருவாக்கியது. 8.5 கிராம், ஊசி விறைப்பு. நெகிழ்வை 10 என்று வைத்தால் 9.3 ஹெர்ட்ஸ் வருகிறது. மின் அளவு மிகக் குறைவு என்பதால் பெருக்கியில் மூவிங் காயில் (ஊசியோடு கம்பிச்சுருள் அசையும் வகை) கார்ட்ரிஜுக்கான உள்ளீடு வேண்டும். எங்கள் பெருக்கியில் அது இருக்கிறது. வாங்கச் சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 18, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் துளை போட முடியாது. கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவார், அவர் பக்கம்தான் நியாயமும். அளவு எடுப்பதற்குச் சத்தம் வராது.

ஜெல்கோவுக்குத் தட்டின் மைய அச்சில் இருந்து கையின் மையம் வரை 214 மில்லிமீற்றர். பழைய துளையின் நடு அதற்கு ஒத்துவரவில்லை. இரும்பு மேல்தகட்டை வெட்டுகிறவர்கள் பலர். எனக்கு மனம் வரவில்லை. நாளை யாராவது பழைய கையைத் திரும்பப் பூட்ட நினைத்தால் இடம் இருக்க வேண்டும். எனவே பழைய திறப்பின் மேல் 6 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு, பழைய திருகுத் துளைகளிலேயே பூட்டுவது, அதில் புதிய மையத்தைச் சற்றுத் தள்ளி வைப்பது. அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது. கையின் அடியில் ஐந்து முள் செருகி நேராகக் கீழே இறங்குவதால் பெட்டியில் ஆழம் போதாது. பக்கவாட்டில் மடங்கும் செருகி வாங்க வேண்டும்.

பெப்ரவரி 24, சனி

தகடு தயார். கடைசல் பட்டறையில் வேலை செய்யும் அண்ணை ஒருவர் மதிய இடைவேளையில் செய்து கொடுத்தார். “தம்பி, பத்தில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் கொண்டுவாருங்கள், திரும்பக் கடைந்து தருகிறேன்” என்றார். அளந்தேன்: 214.0. காசு வாங்க மறுத்துவிட்டார். 78 கேட்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கையைப் பூட்டியாகிவிட்டது.

மார்ச் 2, சனி

இந்த வேலையின் உயிர் இன்றைய பகுதியில்தான் இருக்கிறது.

தட்டை வெட்டும் கருவி நேர்கோட்டில் நகரும். நம் கை வில்லாக வளைந்து போகும். ஆகவே ஊசி பள்ளத்துக்கு முற்றும் நேராக நிற்பது இரண்டே இடங்களில். அந்த இரண்டு இடங்களை எங்கே வைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. லோஃப்கிரென் என்ற ஆய்வாளர் 1938-இலும் பேர்வால்ட் என்பவர் 1941-இலும் போட்ட கணக்கில் அவை மையத்தில் இருந்து 66 மற்றும் 120.9 மில்லிமீற்றர், தட்டு முழுவதிலும் பிழை சீராகப் பரவும். ஸ்டீவன்சன் 1966-இல் சொன்னது 60.3 மற்றும் 117.4, தட்டின் உள்விளிம்பிலேயே பிழை இல்லாமல் செய்வது.

முதலில் பேர்வால்ட். 214-க்கு ஊசி மைய அச்சைத் தாண்டி ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் நிற்க வேண்டும். தயாரிப்பாளர் சொல்வது 15. கார்ட்ரிஜைத் தலையின் பிளவில் முன்னே தள்ளி, சற்று உள்பக்கம் திருப்பினேன். மேலிருந்து பார்த்தால் தலைக்குள் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கண்ணாடி அளவுகோலில் வைத்துப் பெருக்காடியால் பார்த்தபோது, ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு கோட்டின் மேல் கோடாகக் கிடந்தது. தலையின் விளிம்பை நம்பக்கூடாது, தண்டைத்தான் நம்ப வேண்டும்.

அச்சிட்ட அளவுகோலானால் முதலில் ஸ்கேலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அச்சுப்பொறிகள் தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிடும்.

ஊசியின் அழுத்தம் 2.5 கிராம். கையின் உயரம் தட்டுக்கு இணையாக.

மார்ச் 3, ஞாயிறு

காலை முழுவதும் நாதஸ்வர எல்பி. தட்டின் முதல் பாதியில் நான் கேட்டிராத திண்மை. தவிலின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனி இடத்தில் இருந்து ஒலிக்கின்றன. ஆனால் பக்கத்தின் கடைசி உருப்படியில், மேல்ஸ்தாயியில் நாயனம் நிற்கும்போது ஒரு சிராய்ப்பு.

காரணம் யோசிக்க நேரம் ஆகவில்லை. உள்ளே போகப் போகப் பள்ளத்தின் நீளம் சுருங்கும், அலைகள் நெருங்கும். டிஎல்-103-இன் உருண்டை முனைக்கு அது கடினம். எங்கள் தட்டுகளிலோ உச்சம் பெரும்பாலும் பக்கத்தின் கடைசியில்தான் வருகிறது. துரித காலமும் தவிலின் தீர்மானமும் லேபிளை ஒட்டித்தான் கிடக்கின்றன. அங்கே பிழை குறைய வேண்டும். நடுவில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

மாலை ஸ்டீவன்சனுக்கு மாற்றினேன். ஊசி 16 மில்லிமீற்றர் அளவுக்குப் பின்வாங்கியது, திருப்பமும் தளர்ந்தது. அதே உருப்படி. நாயனம் தன் முழு உயரத்தில் நின்றது, சிராய்ப்பு இல்லை. மகள் அறையில் இருந்து வந்து, “அப்பா, இது வேறு தட்டா?” என்று கேட்டாள்.

மார்ச் 9, சனி

நேற்று சிவராத்திரி. ஞானலிங்கேச்சுரர் கோயிலில் இருந்து விடியும்போதுதான் வந்தோம். பகலில் உறங்கிவிட்டு மாலையில் இரண்டாவது தலையைப் பொருத்தினேன். 78 ஊசியோடு பழைய மூவிங் மேக்னட் (ஊசியோடு காந்தம் அசையும் வகை) கார்ட்ரிஜ். இது எடை குறைவு, தலையில் சின்ன எடைத் தகடு ஒன்றைச் சேர்த்ததால், மாற்றும்போது பின் எடையைக் கால் சுற்று திருப்பினால் போதும். வலப்புற, இடப்புற ஒலி மின்சைகைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். 78 பதிவு பக்கவாட்டில் மட்டுமே இருப்பதால் மேல்கீழ் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

மாமனார் தன் பெட்டியில் இருந்து தட்டைத் தேர்ந்தெடுத்தார். சுருதி சற்று ஏறியிருப்பதாகச் சொல்லி நெம்புகோலைத் தானே கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினார். “இப்போது சரி” என்றார். நெம்புகோல் நின்ற அந்த இடத்தில் மெல்லிய பென்சில் கோடு போட்டுவைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அண்ணை வருகிறார். அதற்குள் பெட்டிக்கு மூடி செய்ய வேண்டும். பழைய கையையும் எண்ணெய்த் தாளில் சுற்றி, அதன் திருகாணிகளோடு ஒரு டப்பாவில் எடுத்துவைக்க வேண்டும்.