பள்ளம் விழுந்த ஸ்கோப்பும் கம்பெனி அனுப்பிய கடிதமும்

ஏர் ரைபிளின் மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதன் குழாயில் பள்ளம் விழுந்தால் வாரன்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வாரன்டி அட்டையிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. எனக்கு நடந்தது வேறு.

கடலூரில் ஏர் ரைபிள் வைத்திருக்கிறேன் என்று சொன்னாலே, "காக்கா சுடவா சார்?" என்று கேட்கிறார்கள். இல்லை. என்னுடையது 4.5 மி.மீ. பெல்லட் போடும், பெல்லட் பாயும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஸ்பிரிங் ரைபிள். இதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. மொட்டை மாடியில் மணல் மூட்டைக்கு முன்னால் அட்டையை ஒட்டிச் சுடுவதோடு சரி.

இந்த ஸ்பிரிங் ரைபிளின் உதைப்பு ஒரு தினுசானது. உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் போய் முட்டி நின்றதும் துப்பாக்கி முன்னால் இழுக்கும். இந்தக் குலுக்கலில் ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்துவிடும். போதாததற்கு வீடு தேவனாம்பட்டினம் பக்கம். உப்புக்காற்றில் ஜன்னல் கொக்கியே மிஞ்சுவதில்லை, மவுண்ட் திருகு எம்மாத்திரம்? எல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன.

ஃபிட்டர் வேலை பார்க்கும் என் மச்சான் ஊரிலிருந்து வந்திருந்தான். "குடுங்க மாமா, அஞ்சு நிமிஷ வேலை" என்று உட்கார்ந்தான். திருகுகளைக் கழற்றித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மறுபடி நன்றாக இறுக்கினான். அதற்கப்புறம் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஜூம் வளையம் ஆறு மடங்குக்கு மேல் திரும்பவில்லை. ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் மவுண்ட் வளையங்களில், அதாவது ரிங்குகளில், பின்பக்கத்தில் இருப்பதைக் கழற்றினால், கறுப்புக் குழாயில் ரிங்கின் விளிம்பு பதிந்து நகக்குறி போல ஒரு பிறைக்கோடு. விரலால் தடவினால் தட்டுப்பட்டது.

வாங்கிய சென்னைக் கடையில் கேட்டேன். "ஃபிட்டிங் டேமேஜ் சார், புதுசு பாத்துக்குங்க" என்று முடித்துவிட்டார்கள். சரி, தயாரிப்பாளரிடமே கேட்போம் என்று வாரன்டி அட்டையில் இருந்த முகவரிக்கு நடந்ததை நடந்தபடி, எண்ணெய் விட்டது உட்பட, எழுதி அனுப்பினேன். இந்தியக் கம்பெனிதான், வடக்கே இருக்கிறது.

பதிலில் வாரன்டி விதி எதுவும் இல்லை, கேள்விகள்தான் இருந்தன. ரிங்கின் இரண்டு பக்கத்திலும் இடைவெளி சமமாக இருந்ததா? ஸ்கோப்பை ஆட்டினால் உள்ளே ஏதாவது உருள்கிறதா? ஜூம் எந்த எண்ணில் நிற்கிறது? கேள்விகளைப் பார்த்ததுமே, கேட்பவர் ஸ்கோப்பைப் பிரித்துப் பார்த்தவர் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் அவரே போனில் கூப்பிட்டார். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் அரைகுறை ஆங்கிலத்தில் ஓட்டினோம்.

கோளாறு எண்ணெயில் இருக்கிறது என்றார். காய்ந்த திருகில் நாம் கொடுக்கும் பலத்தில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடுமாம். எண்ணெய் விட்டால் உராய்வு குறையும், கை கொடுப்பது அதே பலம்தான், ஆனால் ரிங் குழாயைப் பிடிக்கும் இறுக்கம் கூடிவிடும். குழாயோ மெல்லிய அலுமினியம். ஜூம் வளையத்துக்குப் பக்கத்திலேயே நெரித்தால் உள்ளே நகரும் குழாய் மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மச்சானுக்கு முகம் தொங்கிவிட்டது. அவன் தினமும் தொடுவது பெரிய பெரிய நட்டு போல்ட்டு, அவனை என்ன சொல்ல?

ஸ்கோப்பை அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அனுப்புவதில்தான் சிக்கல். கூரியர்காரர் "துப்பாக்கி" என்ற சொல் காதில் விழுந்ததும் பெட்டியைத் திருப்பித் தள்ளிவிட்டார். இதைக் கம்பெனிக்குச் சொன்னதும், தங்கள் கடிதத்தாளிலேயே ஒரு கடிதம் அனுப்பினார்கள்: உள்ளே இருப்பது லென்ஸ் பொருத்திய கருவி, ஆயுதமோ வெடிபொருளோ இல்லை, பழுதுபார்க்கத் தொழிற்சாலைக்கு வருகிறது என்று, முத்திரையோடு. ஒரு பிரதியைப் பெட்டிக்கு மேலே ஒட்டி, மஞ்சக்குப்பம் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் கொடுத்தேன். கவுண்ட்டரில் இருந்த அம்மா படித்துப் பார்த்து, எடை போட்டு வாங்கிக்கொண்டார். என்னைக் கேட்டால், ஸ்கோப்பைவிட அந்தக் கடிதம்தான் பெரிய உதவி. யாரும் அதைச் செய்துதர வேண்டிய கட்டாயம் இல்லை.

குழாயை மாற்றுவது கட்டுப்படியாகாது என்று சொல்லி, புது ஸ்கோப்பே அனுப்பிவிட்டார்கள். வாரன்டியில் இது வராது, இந்த ஒரு முறைக்கு மட்டும் என்று எழுதியிருந்தார்கள். தபால் செலவு என்னுடையது, அது நியாயம்தான். கூடவே துருப்பிடிக்காத திருகுகள் ஒரு பொட்டலம், கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. ரிங் திருகுக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்ட் (திருகும் பலத்தின் அளவு) போதும், எண்ணெய் கூடாது, நான்கையும் குறுக்காக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், L வடிவ ஆலன் கீயின் நீளக்காலைத் திருகில் விட்டுக் குட்டைக்காலைப் பிடித்துத் திருப்புங்கள், அப்போது பலம் மீறாது. மவுண்ட் பின்னால் நகர்வதற்கு இறுக்கம் மருந்தில்லை, மவுண்டின் அடியில் இருக்கும் தடுப்பு முளையை ரைபிளின் மேலுள்ள குழியில் உட்கார வையுங்கள் என்றும் இருந்தது. அந்த முளை என் மவுண்ட்டிலும் இருந்தது, இத்தனை நாள் எதற்கென்றே தெரியாது. இப்போது அதைக் குழியில் இறக்கிவிட்டேன், மவுண்ட் அசையவில்லை.

அளவு பார்த்து இறுக்க டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். பைக் மெக்கானிக்குகள் வைத்திருப்பது இதற்கு உதவாது, அதன் மிகச் சிறிய அளவே நமக்கு மிக அதிகம். அது கிடைக்கும் வரை குட்டைக்கால்தான்.