கருங்கல்லின் மேல் ஒரு வீடு

2019 ஜூன் மாதம், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சீஷெல்ஸ் நாட்டின் மாஹே தீவில் வந்து இறங்கினோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தாக எழும் மலை, நடுவே கடலைத் தூர்த்துப் போட்ட ஓடுபாதை. அந்த ஓடுபாதை திறந்தது 1971இல்தான். அதுவரை சீஷெல்ஸுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கப்பலைத்தான் நம்பியிருக்க வேண்டும். கட்டுமான நிறுவனம் ஒன்றில் கணக்கர் வேலை எனக்கு. மனைவியும் இரண்டு வயது மகனும் உடன் வந்திருந்தார்கள். கடற்கரைப் படங்களையே பார்த்துவிட்டு வந்தவன், அந்த மலையை நிமிர்ந்து பார்த்து நின்றேன். நாகர்கோவில்காரனுக்கு மலையும் கடலும் சேர்ந்திருப்பது புதிதல்ல. ஆனால் இங்கே இரண்டுக்கும் இடையில் வயல் இல்லை, குளம் இல்லை, ஊர் பரந்து கிடக்க இடமே இல்லை. தீவின் நீளம் சுமார் 27 கிலோமீட்டர். அதன் உச்சியான மோர்ன் செஷெல்வா சிகரமோ 905 மீட்டர்.

தலைநகர் விக்டோரியாவிலிருந்து போ வல்லோன் கடற்கரைக்குப் போகும் சாலையில், செயிண்ட் லூயி சரிவில் வீடு கிடைத்தது. வீட்டின் பின்சுவருக்கும் மலைக்கும் இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவுதான் இடைவெளி. அங்கே ஒரு பாறை நிற்கிறது. கூரையை விட உயரம். மழைநீர் ஓடி ஓடி அதன் முதுகில் நீளவாக்கில் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. நாள் முழுதும் வெயில் குடித்துவிட்டு, இரவு எட்டு மணிக்குக் கை வைத்தாலும் இளஞ்சூடாக இருக்கும். மகன் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் பால் குடிப்பான்.

இந்தப் பாறையைப் புரிந்துகொள்ளாமல் இங்கே குடித்தனம் நடத்த முடியாது என்பதை முதல் ஆகஸ்டிலேயே தெரிந்துகொண்டோம். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று. உடம்புக்கு இதமான, மழை குறைந்த பருவம். ஒரு நாள் காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் ஊரில் எப்படித் தண்ணீர் இல்லாமல் போகும் என்று நான் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பேசாமல் பாறையைக் கைகாட்டினார். மழை விழுந்த சில மணி நேரத்தில் நீர் ஓடையாகிக் கடலில் கலந்துவிடுகிறது. சரிவில் மண் மெல்லிய படலம்தான், அதன் கீழே கருங்கல். சேர்த்துவைக்க நிலத்துக்குள் இடமில்லை. லா கோக் நீர்த்தேக்கத்தின் கரையை உயர்த்தியிருக்கிறார்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் ஓடுகின்றன. அப்படியும் வறண்ட மாதங்களில் தண்ணீர் விடும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டுதான் சமையலும் துவையலும். அந்த மாதமே கூரைத் தகரத்தின் ஓரத்தில் தகடு அடித்து, மழைநீர் வந்து விழ ஒரு தொட்டி வைத்தோம். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஊரிலிருந்து வந்தவள் என் மனைவி. அதனால் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் கப்பலில் வருபவை. கப்பல் தாமதமானால் கடைத் தட்டு காலியாகும். அதற்கும் பழகிவிட்டோம்.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டியவர், ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவர். எங்கள் வேலியோரம் வந்து நின்று, "போன்சூர்" என்று சொல்லி, தன் குடும்பப் பெயர் பிள்ளை என்றார். தாத்தாவின் தகப்பனார் இந்தியாவிலிருந்து வந்தவராம், எந்த ஊர் என்று தெரியாதாம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது என்று வருத்தத்தோடு சொன்னார். அடுத்த வாரம் தன் தோட்டத்துச் செடியிலிருந்து ஒரு கொத்து ஒடித்து என் மனைவியிடம் நீட்டினார். "கரிப்பிலே" என்றார். கறிவேப்பிலை! இன்னொரு நாள் முருங்கைக்கீரை. பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த நாட்டுப் பேச்சுமொழியான கிரியோலில் அதற்கு "ப்ரேட் முரும்" என்று பெயர். மொழி போய்விட்ட வீட்டின் அடுப்படியில் அந்த இரண்டு சொற்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாக இருந்திருக்கின்றன. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம்.

இந்த நாட்டுக்குப் பூர்வகுடி என்று யாரும் இல்லை. 1770இல் செயிண்ட் ஆன் என்ற சிறு தீவில் குடியேறிய முதல் கூட்டத்தில் பிரெஞ்சுக்காரர்களும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். கூடவே மலபாரிகள் என்று ஏட்டில் எழுதப்பட்ட தென்னிந்தியர் ஐந்து பேர். பிறகு தமிழ் வணிகர்கள் வந்தார்கள். பிள்ளை, செட்டி, நாயுடு, படையாச்சி என்ற பெயர்கள் இன்று இங்கே கத்தோலிக்கக் குடும்பங்களில் சாதாரணம். விக்டோரியாவின் குவின்சி தெருவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும்போது பார்க்க வருபவர்களின் முகங்களில் நாலு கண்டமும் கலந்திருக்கும். நாட்டின் மொத்த மக்கள் தொகையே லட்சத்தைச் சற்றுத் தாண்டியதுதான் என்பதால், ஓர் ஆண்டுக்குள் பஸ்ஸில் பாதிப் பேர் தெரிந்தவர்களாகிவிடுகிறார்கள்.

2023 டிசம்பர் 7. முந்தைய நாளிலிருந்து நிற்காத மழை. விடிவதற்கு முன் ஒரு பெரும் சத்தம். கட்டில் அதிர்ந்தது. பாறை உருண்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். மகனைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினோம். அம்மா கையில் டார்ச்சுடன் மழையில் நின்றிருந்தார். என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போய் வெளிச்சம் அடித்தார். பாறை நின்ற இடத்திலேயே நின்றது, அதன் பள்ளங்களில் அருவிபோல் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில்தான் தெரிந்தது: பிராவிடன்ஸ் தொழிற்பேட்டையில், பாறை உடைக்க வைத்திருந்த வெடிமருந்து வெடித்திருக்கிறது. பலர் காயமடைந்தார்கள், கட்டடங்கள் நொறுங்கின. அதே இரவு வடக்கு மாஹேயில் மண்சரிவு. வெள்ளத்திலும் சரிவிலும் மூன்று உயிர்கள் போயின. அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. நான் வேலை செய்யும் துறைக்கும் அந்தச் சரிவுகளுக்கும் உள்ள உறவை அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை. சமதளம் இல்லாத தீவில் ஒவ்வொரு வீட்டுக்கும் மலையில் ஒரு வெட்டு விழுகிறது. அடுத்த மழையில் அந்த வெட்டுக்கு மேலே இருக்கும் மண் என்ன ஆகும் என்று கேட்காமல் நான் இப்போது எந்த மதிப்பீட்டையும் மேலே அனுப்புவதில்லை.

அந்த ஆண்டுதான் இந்தக் கல்லைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். மொரீஷியஸ் எரிமலை கக்கியது, மாலத்தீவு பவளம் கட்டியது. சீஷெல்ஸின் வெளித்தீவுகளும் பவளத்தால் ஆனவைதான். மாஹேயும் அதன் அண்டைத் தீவுகளும் மட்டும் கருங்கல், சுமார் 75 கோடி ஆண்டு வயது. ஒரு பெருங்கண்டத்தின் துண்டு. இந்தியாவும் சீஷெல்ஸும் ஒன்றாக ஒட்டியிருந்து, சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிந்தன. அதற்குச் சாட்சி சொல்ல இரண்டு தவளைகள் உயிரோடு இருக்கின்றன. ஒன்று, 2003இல் அறிவியலுக்குத் தெரியவந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழித்து, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் வெளியே வருவது. அதன் மிக நெருங்கிய உறவினர்கள் இந்தத் தீவுகளின் மலைக்காட்டில் வாழும் சிறு தவளைகள். அவற்றில் கார்டினர் தவளை என்பது விரல் நகத்தின் மேல் உட்கார்ந்துவிடும், சுமார் 11 மில்லிமீட்டர்தான். காதில் நடுச்செவி கிடையாது, வாய்க்குழி வழியாக ஒலியைக் கேட்கிறது.

போன ஆகஸ்டில் மகனைக் கூட்டிக்கொண்டு, தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து மோர்ன் பிளாங் மலைக்கு ஏறினேன். பாதி வழியில் காடு இருண்டு, மரமெல்லாம் பாசி. மகன் சட்டென்று நின்று விரலை உதட்டில் வைத்தான். இலைச் சருகுக்குள்ளிருந்து கீச்சென்று ஊசி முனைபோல் ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. தவளை கண்ணில் படவில்லை. சருகை விலக்கப் போன என் கையை அவன் பிடித்துக்கொண்டான். அருகிலிருந்த பாறையில் இருவரும் சாய்ந்து, அது நிற்கும்வரை கேட்டோம்.

முதல் துளி அவன் நெற்றியில்தான் விழுந்தது. "லாப்லி" என்றான், பள்ளிக்கூடத்துக் கிரியோலில். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, மழை" என்றான். மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த மழை. நனைந்துகொண்டே இறங்கி பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தோம். மனைவி தொட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தாள். அம்மாவின் இரண்டு குடங்களும் எங்கள் கூரையின் கீழ் வரிசையில் நின்றன.