ரெகார்டில் இல்லாத ஏழு பேர்

“ஃபீல்டுலேருந்து ஏதாவது வந்திருக்கா?” என்று எங்கள் விஷமுறிவு மருந்துக் கம்பெனி மீட்டிங்கில் ஆலோசகர் சார் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ரெகார்டு ஆனது எதுவும் இல்லை சார்” என்றேன்.

அவர் தலையாட்டினார். அடுத்த ஸ்லைடுக்குப் போனோம். நடந்தது இவ்வளவுதான். எட்டு மாதமாகிறது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு மலை ஏறும்போதெல்லாம் அந்தப் பதில் என்னோடு பஸ்ஸில் வருகிறது.

அன்று என் பைக்குள் ஒரு நோட்டு இருந்தது. தென்மலை, குளத்துப்புழை பக்கத்து டாக்டர்கள் ராத்திரி பகல் பாராமல் எனக்குப் போன் செய்து சொன்ன ஏழு பாம்புக்கடிகள் அதில் இருந்தன. ஏழும் ஏறக்குறைய ஒரே கதை. ரப்பர் பால் வெட்டப் போனவர், விடியுமுன் நெற்றி விளக்கோடு மரத்தடிச் சருகில் கை வைத்திருப்பார், அல்லது கால் வைத்திருப்பார். சின்னப் பாம்பு, ஒன்றரை அடிகூட வராது. வீக்கம். கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை இருபது நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்தால் உறையவில்லை. பத்து வயல், அதாவது பத்து சின்னக் குப்பி, விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். ஆறு மணி நேரம் கழித்தும் உறையவில்லை. மறுபடி ஏற்றுகிறார்கள். இதற்குள் சிறுநீர் குறைய ஆரம்பித்துவிடும்.

மூன்று பேர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார்கள். முக்கோணத் தலை, மூக்கு நுனி மட்டும் மேலே தூக்கியபடி. கூம்புமூக்குக் குழிவிரியன். மலையாளத்தில் முழமூக்கன் என்பார்கள். தோட்டத்து நம் ஆட்களுக்கு அது வெறும் ‘விரியன் குட்டி’.

எங்கள் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமானது. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துத் தருவதும் இந்த நான்கிலிருந்துதான். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுப்பதே விஷமுறிவு மருந்து. குதிரை பார்க்காத விஷத்துக்கு அதன் ரத்தத்தில் மாற்று எப்படி இருக்கும்? இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இந்தப் பாம்பின் கடியைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2007-லேயே எழுதிவிட்டார்கள். சுருட்டை விரியன் என்று தவறாக நினைத்து மருந்து ஏற்றியும் பலன் கிடைக்காததையும் அதில் சொல்லியிருந்தார்கள். சாருக்கு அதெல்லாம் அத்துப்படி. தெரிந்த மனிதர், இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

முந்தின நாள் நான் நோட்டை மெடிக்கல் டைரக்டர் மேடத்திடம் காட்டியிருந்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் படித்தார். “இதெல்லாம் போன் கால்தானே? கேஸ் ஷீட் இல்லை. பாம்பை யாரும் முறையா அடையாளம் சொல்லலை. நாளைக்கு இதை மீட்டிங்ல வச்சா, வெளியே எப்படிப் போகும் தெரியுமா? ஒரு சின்ன ஆஸ்பத்திரி டூட்டி டாக்டர், ‘இது நாலுல சேராத பாம்பா இருக்குமோ’ன்னு மருந்தைப் போடாம யோசிச்சுக்கிட்டு நிப்பார். அது கண்ணாடி விரியனா இருந்துட்டா?”

அந்தக் கேள்விக்கு அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. அவர் கம்பெனியைக் காப்பாற்றப் பேசினார் என்று சொல்வது எளிது. ஆனால் பல வருடம் ஐசியுவில் நின்றவர் அவர். கண்ணாடி விரியன் கடித்தவரை மருந்து போடத் தயங்கிய நேரத்தில் இழப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் செத்தவர்கள் வருடத்துக்குச் சராசரி 58,000 பேர் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கணக்குக்கு முன்னால் என் ஏழு பேரை நிறுத்த எனக்கு அன்று தைரியம் வரவில்லை.

ஆனால் வேலை செய்யாத மருந்தை இருபது, முப்பது வயல் ஏற்றுவதும் சும்மா போகிற காரியம் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வாமை வந்து மூச்சுத் திணறலாம், பிரஷர் விழலாம். அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுகிறார்கள். அந்த நேரத்தில் சிறுநீரகத்தைப் பார்த்திருக்கலாமே.

என்னை உறுத்துவது ‘ரெகார்டு’ என்ற சொல். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே எதுவும் பதிவாகவில்லை. பதிய வேண்டியவன் நான். மருந்து வேலை செய்யவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னால் படிவம் நிரப்பி அனுப்புவது என் பொறுப்பு. நான்கு பாம்புக்கு மட்டும் என்று லேபிளே சொல்கிறது, ஐந்தாவதற்குக் கேட்காமல் போனதை எப்படித் தோல்வி என்று எழுதுவது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு, ஏழு தடவையும் நோட்டோடு நிறுத்திவிட்டேன். வெளியிலிருந்து வரும் ஆலோசகர் வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறார். நாங்கள் போடுகிற ஸ்லைடில் இருப்பதுதான் அவருக்குத் தெரிகிற கம்பெனி. அதையும் தாண்டி அவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் சொன்னது மேடம் சொல்லிக்கொடுத்த பதில் என்று சில நாள் சமாதானம் சொல்லிக்கொள்வேன். அவர் அப்படிச் சொல்லச் சொல்லவே இல்லை. “நாளைக்கு எடுக்க வேண்டாம்” என்றார், அவ்வளவே. வாக்கியம் என்னுடையது.

இரண்டு மாதம் கழித்து டாக்டர்களுக்கான பயிற்சி ஸ்லைடுகளைத் திருத்தி அனுப்பினார் மேடம். கடைசிக்கு முந்தினதில் புதிதாக இரண்டு வரி இருந்தது. நான்கில் சேராத விரியன்களும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு, மருந்துக்குப் பிறகும் ரத்தம் உறையாவிட்டால் சிறுநீரகத்தைக் கவனியுங்கள் என்று. யாரைக் கேட்டுச் சேர்த்தார் என்று தெரியவில்லை. என் நோட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் தன் வழியில் செய்துவிட்டார் என்று அன்று நிம்மதியாக இருந்தது. ஏழு பேரும் இன்னும் நோட்டிலேயே இருக்கிறார்கள் என்பது ராத்திரிதான் நினைவுக்கு வந்தது.

அதில் ஐந்தாவது ஆளின் வீட்டம்மாவை மட்டும் நேரில் பார்த்திருக்கிறேன். கடையநல்லூர்ப் பக்கத்து ஆள், தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறார்கள். அடித்த பாம்பை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியை நூலால் கட்டி, ஆஸ்பத்திரி பெஞ்சில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே புருஷனுக்கு இரண்டாவது டயாலிசிஸ். என் சட்டையில் கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

“தம்பி, டாக்டர் சரியாப் பாக்கட்டும்னுதான் இதைக் கொண்டாந்தேன். இந்தப் பாம்புக்குள்ள மருந்தைத்தான போட்டாவ?”

“ஆமாம்மா” என்றேன்.