டிக்கோயாத் தண்ணீரின் பின்னால்: மூன்றாவது தடவை கடல் வரை

இலங்கை மலையகத்து டிக்கோயாவில், தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பணிய ஓடும் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று சின்ன வயதில் அப்பாயியிடம் கேட்டிருக்கிறேன். "கொழும்புக்காரன் குடிக்கப் போவுது, வேற எங்க?" என்றார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு, எரிச்சலில் சொன்னது. நான் அதை ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலத்தில் பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். இரும்பு பிரேம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. வேலைக்குப் போய்வரத்தான் வாங்கியது. பெற்றோல் திரும்பக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதை விட மனம் வரவில்லை. அப்போதுதான் அப்பாயி சொன்னது ஞாபகம் வந்தது. சரி, அந்தத் தண்ணீரின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். அம்மாவிடம் சொன்னேன். "ஏன்டா, பஸ்ஸுக்குக் காசில்லையா?" என்றார்.

முதல் தடவை போனது ஜூலையில். எந்த விவரமும் தெரியாமல் ஹட்டன் டவுனுக்கு ஏறி, அங்கிருந்து அவிசாவளைக்குப் போகும் பெரிய ரோட்டைப் பிடித்தேன். ஆறும் கொழும்புக்கு, ரோட்டும் கொழும்புக்கு, அப்படியானால் இரண்டும் சேர்ந்துதானே போகும் என்பது என் கணக்கு. அது தப்பு. ஹட்டன் இருப்பது ஒரு முகட்டில். தெற்கே டிக்கோயாப் பக்கம் விழும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், களனியில் சேர்ந்து, மேற்கே கொழும்பில் கடலைத் தொடுகிறது. டவுனைத் தாண்டி வடக்குப் பக்கம் விழுவது ஹட்டன் ஓயா என்ற சிற்றாறு வழியாக மகாவலிக்குப் போய், கண்டியைச் சுற்றி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் முடிகிறது. களனி 145 கிலோமீற்றர், மகாவலி 335. ஒரே டவுனின் இரண்டு பக்கத்துத் தாழ்வாரம். நான் பிடித்த ரோடு வட்டவளை வழியாக மகாவலிப் பக்கத்தில் இறங்கி, கினிகத்தேனையில்தான் மறுபடி களனிப் பக்கம் திரும்புகிறது. ஆற்றைத் தேடிக் கிளம்பியவன் அரைநாள் வேறொரு ஆற்றின் பள்ளத்தாக்கில் சுற்றியிருக்கிறேன்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட்டவளையில் வருசத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, அதில் பெரும்பங்கு தென்மேற்குப் பருவத்தில். ஜூலையில் அங்கே சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு யாரும் பரிதாபப்படத் தேவையில்லை. காலில் அட்டை, கண்ணில் மழை, பக்கத்தில் உரசிப் போகும் பஸ், தப்பி ஒதுங்கினால் ரோட்டோர வடிகால் கான். கினிகத்தேனைக் கடைத்தெருவில் நிறுத்திப் பார்த்தால், புதிதாகப் போட்டிருந்த பிரேக் கட்டையில் பாதியைக் காணோம். ஈர ரிம்மில் மணலும் சேர்ந்து அரத்தால் தேய்த்த மாதிரி தேய்த்திருந்தது. மரக்கறி ஏற்றப் போன வெறும் லொறி ஒன்றில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எல்லாரும் ஏறுறதுக்குத்தான் கியர் கேக்குறாங்க. இந்த ஊருல எறங்கத்தான் படிக்கணும்."

இரண்டாவது தடவை போனது ஜனவரியில். இந்த முறை பெரிய ரோடு வேண்டாமென்று டிக்கோயாவிலிருந்து காசல்ரீக் கரை, நோர்ட்டன்பிரிட்ஜ், அங்கிருந்து கினிகத்தேனை என்று சின்ன ரோட்டில் போனேன். இது நல்ல வழி. பஸ் குறைவு, வளைவுக்கு வளைவு தண்ணீர் தெரியும். ஆனால் ஆற்றோடு முழுக்கப் போகவும் முடியாது. காசல்ரீயில் தேங்கும் தண்ணீரை மலைக்குள் சுரங்கம் வெட்டி நோர்ட்டனில் இருக்கும் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நோர்ட்டன் அணையிலிருந்து இன்னொரு சுரங்கத்தில் லக்சபானவுக்கு. பாதி ஆறு மலைக்குள்ளால் போகிறது, அங்கே சைக்கிள் போகாது. வெளியே எங்கள் தண்ணீர் ஓடும் கெஹெல்கமு ஓயாவின் பாறையும் கொஞ்சத் தண்ணீரும்தான் கண்ணில் படும்.

அந்தத் தடவை என்னைக் கவிழ்த்தது சுமை. பாரம் 14 கிலோ. கூடாரம், மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு சட்டி, எதற்கென்றே தெரியாமல் கம்பளி. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும் ரோட்டில் பின்பிரேக்கை விடாமல் பிடித்தபடியே வந்தேன். ஒரு வளைவில் துவக்குச் சத்தம் மாதிரி ஒன்று. பின் டியூப் வெடித்திருந்தது. ரிம்மைத் தொட்ட விரல் சுட்டுவிட்டது. பிரேக் சூட்டில் ரிம் கொதித்து, காற்று விரிந்து, டியூப் தாங்கவில்லை. கையிலிருந்த மாற்று டியூபைப் போட்டு மெதுவாகக் கித்துல்கலை வரை உருட்டிக்கொண்டு போய், ஆற்றில் காலை நனைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த வெடிப்புக்குப் பிறகு மாற்றியவை மூன்று. ஒன்று, இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றி, அழுத்தி விடுவது. தொடர்ந்து பிடித்தபடி வருவதில்லை. இரண்டு, இறக்கத்தில் நாலைந்து கிலோமீற்றருக்கு ஒருதடவை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்ப்பது. விரல் வைத்து மூன்று எண்ண முடியவில்லையென்றால் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் நிற்பது. மூன்றாவது பை. கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கவிட, அம்மா மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கில் பழையது ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மழையில் கொழுந்து எடுக்கிறவர்களின் உடுப்பு நனையாமல் காக்கிற துணி என் சாமானையும் காக்கும் என்று நம்பினேன். டவுனில் தையல்காரர் ஒருவர் அதை மடித்து இரட்டைத் தையல் போட்டு, பழைய பெல்ட் வாரில் கொக்கி வைத்துக் கொடுத்தார். வாய்ப்பக்கம் மூன்று மடிப்பு. ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. தேயிலைச் செடி பட்டுக் கிழிந்த இடத்தில் அம்மா எப்போதோ போட்ட ஒட்டு இன்னும் அதில் இருக்கிறது. கூடாரத்தையும் அடுப்பையும் வீட்டில் விட்டேன். பாரம் 8 கிலோவாகக் குறைந்தது.

மூன்றாவது தடவை பெப்ரவரியில். காயும் மாதம்தான், ஆனால் அதிலும் ஒரு சிக்கல். மார்கழிப் போயா என்கிற பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம், ஹட்டன் ரோடு முழுக்க இரவு பகலாக பஸ்ஸும் வேனும். அதனால் போயாவையும் சனி ஞாயிறையும் தவிர்த்து, ஒரு செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தரைக்குக் கிளம்பினேன். நோர்ட்டனில் பனி இன்னும் கலையவில்லை. கினிகத்தேனையில் ரொட்டியும் கட்டச்சம்பலும். அந்த இறக்கத்தை முடிக்க ஐந்து இடத்தில் நின்றேன், ஐந்து பிளேன்டீ. கித்துல்கலை வந்தபோது கட்டை அப்படியே இருந்தது.

கித்துல்கலையில்தான் ஆறும் ரோடும் ஒன்றோடு ஒன்று பேசத் தொடங்குகின்றன. மஸ்கெலியா ஓயாவும் நம்முடைய கெஹெல்கமு ஓயாவும் மேலேயே கலந்து, இங்கே அது களனி என்று பெயர் மாறி அகலமாக வருகிறது. ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கியாகிவிட்டது, சுவெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். யட்டியாந்தோட்டைக்கு முன்னால் தேயிலை போய் றப்பர் வந்துவிடுகிறது. ஒரு கடையில் பால் வெட்டிவிட்டு வந்த பெரியவர் ஒருவர் தமிழில் பேச்சுக் கொடுத்தார். நான் டிக்கோயா என்றதும், "மேல மலைல மழ பேஞ்சா நமக்கு அடுத்த நாளு தெரியும், தம்பி. ஆத்துத் தண்ணி கலரு மாறிடும்" என்றார். அதற்குப் பிறகு அவிசாவளை வரை வெயிலைத் தவிர எழுத ஒன்றுமில்லை. இரவு சித்தப்பா வீட்டில்.

இரண்டாம் நாள் ஹங்வெல்லையில் ஹைலெவல் ரோட்டை விட்டு, ஆற்றோடு போகும் லோலெவல் ரோட்டுக்கு இறங்கினேன். சைக்கிள்காரனுக்கு இதுதான் ரோடு. மேடில்லை, மரநிழல் உண்டு, இடதும் வலதும் வயலும் வீடும். எங்கள் ஊரில் இப்படித் தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் பெடல் மிதிக்கவே இடமில்லை. ஒன்று ஏறுவோம், அல்லது பிரேக் பிடிப்போம். சமதரையில் தொடை வலிப்பது வேறு மாதிரி வலி என்று அன்றுதான் தெரிந்தது.

கடுவெலை தாண்டி அம்பத்தளை. அங்கேதான் களனியிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். காவலுக்கு நின்றவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, டிக்கோயாவிலிருந்து வருகிறேன் என்றேன். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். போத்தலை நீட்டினேன். அப்பாயி உயிரோடு இருந்திருந்தால் அன்றிரவே போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

கொலன்னாவையிலிருந்து நகரத்து நெரிசல், புகை, கொள்கலன் லொறி. அந்தப் பகுதியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், முடிந்தால் விடிகாலையில் கடந்துவிடுங்கள். மட்டக்குளியில் காக்கைதீவுக் கடற்கரை வரை போனேன். ஆறு கடலில் விழுகிற இடத்தில் தண்ணீர் மண்ணிறமாகக் கொஞ்ச தூரம் தனியாகப் போய்ப் பிறகு கரைகிறது. இரண்டு நாளில் போன் கணக்குக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கோட்டையில் சைக்கிளைப் பார்சலாகப் பதிந்து ரயிலில் திரும்பினேன். நாவலப்பிட்டியிலிருந்து மேலே மகாவலிப் பக்கத்தால் ஏறுகிற ரயில், முதல் தடவை நான் நனைந்த அதே வட்டவளை வழியாக.

அடுத்தது ஊவாப் பக்கம். பண்டாரவளைப் பக்கத்து மலையில் பிறக்கும் கிரிந்தி ஓயாவோடு எல்ல, வெல்லவாய, லுணுகம்வெஹெர, திஸ்ஸமகாராம என்று தெற்குக் கடலுக்கு. அந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவம்தான் மழை, ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகலாம். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு ஒரே மூச்சில் 800 மீற்றருக்கு மேல் இறக்கம். கடை அண்ணன் என் பின் ரிம்மை நகத்தால் தடவிப் பார்த்தார், நடுவில் குழிந்திருக்கிறதாம். "இந்த ரிம்மோட எல்லப் பக்கம் போகவே போகாதீங்க" என்றுவிட்டார். புது ரிம் வரும்வரை டிக்கோயா – நோர்வூட், நோர்வூட் – டிக்கோயா.